பதினொரு மணிக்கு இடப்பக்கம்

மார்ச் 4

அண்ணா,

மடத்து அலுவலகத்திலிருந்து தட்டச்சுக் கடிதம் வந்தது. பிப்ரவரி 19 அன்று ஆற்றங்கரையில் நீ உனக்கே ஈமக்கடன் செய்துகொண்டு துறவு வாங்கிவிட்டாயாம். வீட்டாருக்குத் தெரிவிப்பது அவர்கள் முறையாம். கீழே முத்திரை. மின்கட்டணத்தை உயர்த்தும்போதுகூட இதைவிடக் கொஞ்சம் வருத்தப்பட்டு எழுதுவார்கள்.

தாயாரின் அனுமதி பெற்றதாகவும் அதில் இருக்கிறது. என்ன அனுமதி? கட்டில் பக்கத்தில் நின்று, "அம்மா, நான் போகட்டுமா?" என்று கேட்டாய். அவள் கண்ணைச் சிமிட்டினாள். உடனே காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாய். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த இடது கண் தானாகத்தான் துடிக்கிறது. மின்விசிறியைப் பார்த்தும் சிமிட்டுகிறாள். நீ லிஃப்ட் மெக்கானிக். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தால் ஏன் எரிகிறது என்று நாலு தடவை கழற்றிப் பார்ப்பாய். அம்மா கண்ணுக்கு மட்டும் ஒரு தடவை போதுமா?

நீ வீட்டை விட்டால் துறவி. நான் வீட்டை விட்டால் ஓடிப்போனவள். உன் காலில் விழ ஆள் வரும், என்மேல் துப்ப ஆள் வரும். இது எந்தச் சாமி போட்ட சட்டம் என்று அங்கே யாரையாவது கேட்டு எழுது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் முதுகு அழுகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது நீதான் தலையாட்டினாய். நீதான் கட்டிலுக்கு மேலே அட்டவணை ஒட்டினாய். ஒன்பது மணிக்கு மல்லாக்க, பதினொன்றுக்கு இடம், ஒன்றுக்கு மல்லாக்க, மூன்றுக்கு வலம். நீ போனபின் எட்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பினால் திரும்ப நாலு ஆகிறது. கீழ்வீட்டுப் பட்டன் அக்கா நடுவில் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறாள். சட்டைக் கம்பெனிக்குப் பட்டன் தைத்துத் தைத்து முட்டி போனவள், அவளால் தூக்க முடியாது. எட்டு மணி நேரம் ஒரே பக்கம் கிடந்தாள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 20 முதல் அட்டவணையில் பதினொன்றிலிருந்து பகல் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. நான் வரும்போது அம்மா திரும்பிப் படுத்திருக்கிறாள். ரகசியமாக வந்துபோகிறாய், இல்லையா? வருவதானால் நேராக வா. திருடன் மாதிரி வராதே.

உன் தங்கை


மார்ச் 12

சகோதரிக்கு,

நலம் உண்டாகட்டும். கடிதம் வந்தது. இங்கே கடிதங்களை அலுவலகத்தில் பிரித்துப் படித்த பிறகுதான் தருகிறார்கள் என்பதை அறியவும்.

இந்த உடல் மடத்தை விட்டு எங்கும் போகவில்லை. அந்த ஊர் இரண்டு பகல், ஒரு இரவு ரயில் தூரம். பத்தொன்பதாம் தேதி ஆற்றில் நின்றவன் இருபதாம் தேதி அங்கே இருக்க முடியாது என்பதை யோசித்தால் தெரியும். தவிரவும், நீ அண்ணன் என்று அழைத்தவன் அன்றோடு முடிந்தான். இறந்தவன் மாடிப்படி ஏறி வருவதில்லை.

பட்டன் அக்காவே யாரையாவது அழைத்து வந்து திருப்பச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு நன்றி சொல்.

பற்று என்பது ஈரத் துணி போன்றது. உதறினாலும் சில நாள் சொட்டிக்கொண்டிருக்கும். உனக்கும் மெல்லக் காயும். தாயாருக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன்.

புண் எந்தப் பக்கம்? வலது இடுப்பென்றால் தலையணையை இரண்டாக மடித்து முட்டிக்கு நடுவில் — 

மேலே உள்ள இரண்டு வரியை அடித்துவிட்டேன். படிக்க வேண்டாம்.


மார்ச் 19

சகோதரியா? உன் சட்டையில் மூக்கைத் துடைத்து வளர்ந்தவள் நான். அந்த வார்த்தையை எழுத உன் அலுவலகத்தில் பயிற்சி தருகிறார்களா? பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம். படியுங்கள், நல்ல கதை.

பூட்டை மாற்றினேன். புதுப் பூட்டு, ஒரே சாவி, அது என் இடுப்பில். அக்காவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அதற்காக அம்மா அன்று பகல் முழுவதும் பால் இல்லாமல் கிடந்தாள், அந்தப் பாவம் என்னுடையது. நாலு மணிக்குத் திறந்தேன். அம்மா வலப்பக்கம் படுத்திருந்தாள். முட்டிக்கு நடுவில் தலையணை, இரண்டாக மடித்து. நீ அடித்த வரியை நான் படித்தேன். ஆனால் அப்படி வைத்தது நான் இல்லை.

அட்டவணையில் இருப்பது டிக் குறி இல்லை. சின்னக் கட்டம் போட்டு உள்ளே குறுக்குக் கோடு. லிஃப்ட் பராமரிப்பு அட்டையில் நீ போடுகிற குறி. கூலிக்கு வந்த ஆள் அதை எங்கே கற்றான்?

பட்டன் அக்கா படியில் மறித்தாள்.

"என்னடி, உங்கண்ணன் இப்படி எளச்சிட்டான்? எப்ப வந்தே தம்பின்னு வணக்கம் சொன்னேன். காதுல விழாத மாதிரி ஏறிப் போறான். மரியாதையெல்லாம் போச்சா?"

"நெசமாவே பாத்தீங்களாக்கா?"

"ஒரு நாளைக்கு முன்னூறு பட்டன் தைக்கிற கண்ணுடி இது. ஒரு ஓட்டை தப்புமா? சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தான். வெளிய வெயில் கொளுத்துது."

"தல மொட்டையா இருந்துச்சா?"

"மொட்டையா? எண்ணெ வெச்சு வகுடெடுத்த தலைடி."

நீ தலையை மழித்துக்கொண்டாய் என்று உன் மடத்துக் கடிதத்திலேயே இருக்கிறது.

நான் சலவைக்காரி. ஒரு விரிப்பைக் கையில் எடுத்தால் எந்த வார்டு, என்ன வியாதி என்று சொல்வேன். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் காலடி. துடைத்த துணியைப் பிழிந்து பார்த்தேன். குழாய்த் தண்ணீர் இல்லை. ஆற்றுத் தண்ணீர், பொடி மணலோடு. அம்மாவின் விரிப்பில் ஐந்தாறு கறுப்புப் புள்ளி. பேன் என்று நினைத்துப் பதறிப்போய் நசுக்கினேன். எள்.

காலடி கட்டிலுக்குப் போகிறது. திரும்பி வரவில்லை.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட மோசம், புண் ஆறிவருகிறது.


மார்ச் 28

தங்கச்சி,

இதை அலுவலகத்தில் கொடுக்கவில்லை. ஊருக்குள் போய் நானே தபால்பெட்டியில் போடுகிறேன்.

ஒரு தப்பு நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இடுப்பளவு நீரில் நின்றேன். முன்னோர்க்கெல்லாம் பிண்டம் வைத்தாயிற்று. கடைசிப் பிண்டம் எனக்கு. என் பெயரை நானே சொல்லிக் கூப்பிட்டு, எள்ளும் சோறும் உருட்டி நீரில் விட்டேன். "இனி உனக்கு வேலை இல்லை, போ" என்று மனதாரச் சொல்லி அவனை அனுப்ப வேண்டும், அதுதான் முடிவு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தேன். கரையில் உட்கார்ந்திருந்த புரோகிதரின் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. மணி பதினொன்று.

ஒன்றரை வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போ, போய் அம்மாவை இடப்பக்கம் திருப்பிப் போடு."

மந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிண்டம் கரையவில்லை. நீரோட்டத்தை எதிர்த்து, முழு உருண்டையாக, மேற்கே, நம் ஊர்த் திசையில் போயிற்று. கண் எட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "திரும்பிப் பாக்காம கரையேறு" என்றார்கள். ஏறினேன்.

அன்றிலிருந்து எனக்கும் சில நடக்கின்றன. தியானத்தில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்கு முன்கை இரண்டும் வலிக்கின்றன, பாரம் தூக்கியதுபோல. மோந்து பார்த்தால் பவுடர் வாசனை, அம்மா கட்டிலின் வாசனை. சாப்பாட்டு வரிசையில் பரிமாறுகிறவர் என் இலையைத் தாண்டிப் போகிறார். "இங்கே" என்று சொன்னால் திடுக்கிட்டு, "அடடா, நீங்க எப்ப வந்தீங்க?" என்கிறார். நான் எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பேன். போட்டதைச் சாப்பிட்டாலும் எதுவும் வயிற்றில் இறங்குவதாகத் தெரியவில்லை. ஒரு மாதமாகப் பசிக்கிறது. இங்கே பசியை வென்றவர்கள் பலர் உண்டு. நான் அவர்களில் ஒருவன் என்று நினைத்து என்னைப் புகழ்கிறார்கள்.

ஒரு நாள் விடுப்புப் போட்டு வீட்டிலேயே இரு. வருகிறவன் யார் என்று பார்த்து எழுது. பயப்படாதே என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை.


ஏப்ரல் 5

அண்ணா,

பார்த்துவிட்டேன்.

மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். கதவை உள்ளே தாழிட்டு, அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு யாரும் வரவில்லை. வேண்டுமென்றே நானும் திருப்பவில்லை. பத்தே முக்காலுக்கு எனக்கே சிரிப்பு வந்தது. சாமியார் எழுதியதை நம்பிச் சம்பளத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று.

வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்த சத்தம் இல்லை. குழாயடியில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. மூன்று தடவை சோப்புப் போட்டு, முழங்கைவரை. நீ கழுவுகிற மாதிரியே.

வந்தான். நீதான். நீல வேலைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மாவின் தூரக் கையை மார்பில் மடக்கி, முட்டியை மேலே தூக்கி, "ஒண்ணு, ரெண்டு, வாம்மா" என்றான். ஒரே இழுப்பில் இடப்பக்கம். முதுகில் பவுடர் போட்டான். அட்டவணையில் கட்டம் போட்டான். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

அம்மா பேசினாள். பதினெட்டு மாதமாக ஒரு எழுத்துகூடப் பேசாதவள். "பெரியவனே," என்றாள். கொழகொழவென்றுதான் வந்தது, ஆனால் அதுதான் சொன்னாள்.

பிறகு அவன் என்னைப் பார்த்தான்.

"நீ சாப்ட்டியா?" என்றான்.

அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்தப் பக்கம் போனான், பிறகு அங்கே இல்லை. நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன், பயத்தில் இல்லை. நீ இந்த வீட்டில் இருந்த காலத்தில் ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கிறாயா என்று யோசித்தேன். வேலை செய்தாய், மறுக்கவில்லை. ஆனால் எந்நேரமும் கதவைப் பார்த்துக்கொண்டே செய்தாய். இவன் கதவைப் பார்க்கவில்லை.

அழுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அண்ணா, நீ நல்லதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.


ஏப்ரல் 13

தங்கச்சி,

வருகிறேன்.

மடத்துத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தைத் தேடுகிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "கக்கினத மறுபடி திங்கணும்னு பாக்கறே. தண்ணியில விட்டது விட்டதுதான்ப்பா," என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "இங்க யாரோ பேசிக்கிட்டு இருந்தாங்களே, போய்ட்டாங்களா?" என்று கேட்டார். நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இருபத்துநாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பேன். அவன் இருக்கும்போதே வரவேண்டும். அவனை அனுப்பிய வாய் என்னுடையது, திருப்பி அனுப்பவும் அந்த வாய்தான் வேண்டும். "இனி உனக்கு வேலை இல்லை, போ" என்று அன்று சொல்லாததை அவன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். பிறகு அம்மாவை நானே திருப்புவேன். அவள் கூப்பிட்டது என் பெயர். வேறு யாருக்கும் அது சொந்தமில்லை.

அம்மாவுக்காக வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நேற்று குளத்தில் குனிந்தேன், படித்துறை தெரிந்தது, வானம் தெரிந்தது. எனக்காகத்தான் வருகிறேன். பசிக்கிறது, தங்கச்சி.

கதவைத் திறந்து வை.

அண்ணன்


ஏப்ரல் 26

சுவாமிகளுக்கு,

வணக்கம். நீங்கள் வந்திருந்தீர்கள் என்பதை அறிவேன். கதவைத் திறக்காததற்குக் காரணம் சொல்லவேண்டியது என் கடமை. கேட்டுவிட்டு நீங்கள் கோபித்தாலும் சரி.

திறப்பதாகத்தான் இருந்தேன். அன்றும் விடுப்புப் போட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே நின்றேன். உங்கள் காலடி படியில் ஏறுவது கேட்டது. அதே நேரம் உள்ளே குழாயடியில் கை கழுவுகிற சத்தம்.

நீங்கள் தட்டியபோது அம்மா பாதி திரும்பியிருந்தாள். அவளுடைய முழு பாரமும் அவன் முன்கையில் இருந்தது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். மழித்த தலை, காவித் துணி. முகம் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி அழுக்கோ என்று துடைத்துவிட்டுக்கூடப் பார்த்தேன்.

திறந்தால் நீங்கள் "போ" என்பீர்கள். அவன் போய்விடுவான். அம்மா பாதியில் விழுவாள். சரி, நீங்கள் ஓடிவந்து பிடித்துக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு? எத்தனை நாள் இருப்பீர்கள்? உங்கள் பசி தீரும்வரை இருப்பீர்கள். பசி தீர்ந்த மறுநாள் மறுபடி கதவைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். அப்போது அனுப்பிவைக்க ஆற்றில் இன்னொருவன் இருக்கமாட்டான். புண் ஆறிவிட்டது. புதுத் தோல் வந்திருக்கிறது. அந்தத் தோலை வைத்துக்கொண்டு நான் சூதாட மாட்டேன்.

"தங்கச்சி," என்றீர்கள். பிறகு, "அம்மா," என்றீர்கள். நான் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கை பட்ட இடமெல்லாம் என் முதுகில் அதிர்ந்தது.

அம்மா, "யாரு?" என்று கேட்டாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையணையை மடித்துக்கொண்டே, "யாரோ சாமியார்ம்மா. பிச்சைக்கு வந்திருக்காரு," என்றான்.

அம்மா, "பாவம். எதாவது போடு," என்றாள்.

அவன்தான் அடுக்களைக்குப் போனான். கிண்ணத்தைத் தட்டால் மூடி என் கையில் கொடுத்தான். நான் திறந்து பார்க்கவில்லை. சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகக் கை மட்டும் நீட்டி வாசலில் வைத்தேன். நீங்கள் என் விரலைத் தொட்டீர்களா? குளிர்ந்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து தரையில் ஈரம் இல்லை. நேற்று நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். வழக்கமாக அந்நேரம் யாரும் இருக்கமாட்டார்கள். அண்ணா வீட்டில்தான் இருந்தான். சட்டை காய்ந்திருந்தது. மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பழைய லிஃப்ட் கம்பெனியில் போய்க் கேட்கப்போகிறானாம்.

கிண்ணத்தை மறுநாள் வாசலில் பார்த்தேன். காலியாக இருந்தது. நீங்கள் சாப்பிட்டீர்களா, நாய் தின்றதா என்று மட்டும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த வீட்டுப் பெண்


மே 3
அஞ்சலட்டை

தங்கச்சி,

நான்தான் சாப்பிட்டேன். இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து.

சோறு உருண்டையாகப் பிடித்திருந்தது. உனக்கு அப்படிப் பிடிக்க வராது. உள்ளே எள் இருந்தது.

ஒரு பருக்கை விடவில்லை. ஆற்றிலிருந்து ஏறிய பிறகு முதல் தடவையாக வயிறு நிறைந்தது. இப்போது எங்கும் வலி இல்லை. பதினொரு மணி வருகிறது, போகிறது.

கீழே இறங்கும்போது பட்டன் அக்கா வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வணக்கம் சொன்னேன். அருகே போய் இன்னொரு தடவை சொன்னேன். ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே, என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். முதல் தடவையிலேயே நூலைக் கோத்துவிட்டாள்.